அடுத்த வருஷம் பார்க்கலாம்

விளையாட்டைப் பற்றிய சரித்திரங்கள் பெரும்பாலும் ஜெயித்தவர்களின் சரித்திரங்கள்தாம். கோப்பை வாங்கியவர்களின் பெயர் பெரிய எழுத்தில் ஏறுகிறது. தோற்றவர்களின் பெயர் அடிக்குறிப்பில் ஒடுங்கிக் கிடக்கிறது. தோற்ற கட்சிக்காகத் தொண்டை கட்டிப்போகும் வரை கத்திவிட்டு, வாடிய முகத்துடன் வீடு திரும்பிய ரசிகர்களுக்கோ அந்த அடிக்குறிப்பில்கூட இடம் கிடையாது. இந்த வழக்கத்துக்கு விலக்காக ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்க் கோஷ்டி உலகப் பட்டம் வாங்கியது ஒரே ஒரு வருஷம். கைக்கு வந்ததைக் கோட்டை விட்ட வருஷங்கள் பல. ஆனாலும் அந்தக் கோஷ்டியைப் பற்றியும் அதன் ரசிகர்களைப் பற்றியும் இன்று வரை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஊர்தான் அமெரிக்காவில் உள்ள புரூக்ளின்.

இன்றைக்குப் புரூக்ளின் நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதி. ஒரு காலத்தில் அது தனி நகரமாக, தனி மேயருடன் கம்பீரமாக இருந்தது. 1898-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அதை நியூயார்க்கோடு சேர்த்துவிட்டார்கள். பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஏழை வீட்டுப் பெண்ணின் கதிதான். மேயர் போனார், தனிப் பெயர் போயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மான்ஹாட்டன் மாளிகைகள் மினுக்கிக்கொண்டு நின்றன. ‘எங்களுடையது’ என்று புரூக்ளின்காரர்கள் உலகத்துக்குக் காட்ட மிஞ்சியவற்றில் முக்கியமானது ஒரு பேஸ்பால் கோஷ்டி. அதற்கு டாட்ஜர்ஸ் என்று பெயர். அந்த ஊர் வீதிகளில் மின்சார டிராம் வண்டிகள் தறிகெட்டு ஓடிய காலத்தில், அவற்றுக்குத் தப்பி இப்படியும் அப்படியும் விலகி ஓடுவதே ஜனங்களின் பிழைப்பாக இருந்ததாம். விலகி ஓடுகிறவர்கள் என்ற அந்தப் பரிகாசப் பெயர் கோஷ்டிக்கும் ஒட்டிக்கொண்டது.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பேஸ்பால் புரிவதில் சிரமம் இல்லை. ஒருவர் பந்தை எறிகிறார். ஒருவர் உருண்டைத் தடியால் அடிக்கிறார். அடித்தவர் மூன்று மூலைகளையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் எதிர்க் கட்சியின் முறை. இப்படி ஒன்பது சுற்று. அந்த நாளில் ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள். வசந்தத்தில் ஆரம்பித்து இலையுதிர் காலம் வரை கிட்டத்தட்ட நாள்தோறும் ஆட்டம். கடைசியில் இரண்டு லீகுகளின் முதல் கோஷ்டிகளும் ‘வேர்ல்டு சீரீஸ்’ என்ற பந்தயத்தில் மோதும். நாலு ஆட்டங்களை முதலில் ஜெயிப்பவருக்குப் பட்டம். பெயரில்தான் உலகம், அந்தக் காலத்தில் அதில் ஆடியவையெல்லாம் அமெரிக்க ஊர்கள்தாம்.

நாள்தோறும் ஆட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை வரும் திருவிழாவாக இருந்தால் தோல்வியை மறந்துவிடலாம். தினம் தினம் தோற்கிற கோஷ்டியோ வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் தம்பியைப் போல. காலையில் எழுந்தால் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். திட்டலாம், ஆனால் அடுத்த வீட்டுக்காரன் திட்டினால் பொறுக்க முடியாது.

டாட்ஜர்ஸ் கோஷ்டி அப்படித்தான் ஆடியது. 1926-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள். பேப் ஹெர்மன் என்பவர் பந்தை ஓங்கி அடித்துவிட்டுத் தலை தெறிக்க ஓடினார். அவருக்கு முன்னால் ஓடியவர்களில் ஒருவர் பாதி வழியில் திரும்பி வந்தார். இன்னொருவர் தயங்கி நின்றார். கடைசியில் பார்த்தால் மூன்றாவது மூலையில் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்துக்கொண்டு நிற்கிறார்கள்! ஒரு மூலையில் ஒருவர்தான் நிற்கலாம். இருவர் அவுட். 1920-க்குப் பிறகு 1941 வரை இந்தக் கோஷ்டி லீகில் முதலிடத்துக்கு வந்ததே இல்லை. 1934-இல் அடுத்த ஊர் ஜயண்ட்ஸ் கோஷ்டியின் தலைவர் பில் டெர்ரி, ‘புரூக்ளின் இன்னும் லீகில்தான் இருக்கிறதா?’ என்று கேலியாகக் கேட்டார். அந்தப் பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களில் டாட்ஜர்ஸ் அவருடைய கோஷ்டியைத் தோற்கடித்தது. ஜயண்ட்ஸுக்கு வரவேண்டிய முதலிடம் கை நழுவிப் போயிற்று. தனக்குப் பட்டம் இல்லாவிட்டாலும் கேலி செய்தவனுக்கும் இல்லை என்பதில் புரூக்ளினுக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி முடியாது.

வில்லார்டு முல்லின் என்ற கேலிச் சித்திரக்காரர் 1937-இல் ஒரு டாக்ஸியில் ஏறினார். ‘நம்ம உதவாக்கரைகள் இன்றைக்கு என்ன செய்தார்கள்?’ என்று டிரைவர் கேட்டான். அன்று முதல் முல்லின் அந்தக் கோஷ்டியைக் கிழிந்த கோட்டும் தாடியுமாக ஒரு நாடோடியின் உருவத்தில் வரைய ஆரம்பித்தார். ஊரே அந்தப் படத்தைக் கொண்டாடியது. டிரைவர் வைது தள்ளினாலும், ‘நம்ம’ என்ற சொல்லை அதற்கு முன்னால் மறக்காமல் போட்டான் பாருங்கள், ரசிகனின் மனசு முழுவதும் அதில் இருக்கிறது.

அந்த ரசிகர்களுக்கெல்லாம் ராணி ஹில்டா செஸ்டர் என்ற அம்மாள். வேர்க்கடலைப் பொட்டலம் கட்டிப் பிழைத்தவர். எபெட்ஸ் பீல்டு என்ற டாட்ஜர்ஸ் மைதானத்தில், கூரை இல்லாத மலிவு வரிசையில் உட்கார்ந்து அவர் போடும் கூச்சல் மைதானம் முழுவதும் கேட்கும். மாரடைப்பு வந்து பிழைத்தபோது, இனிமேல் கத்தக் கூடாது என்று டாக்டர் தடை போட்டார். ஹில்டா அம்மாள் டாக்டர் சொல்லைத் தட்டவில்லை. வீட்டிலிருந்து ஒரு வாணலியும் இரும்புக் கரண்டியும் கொண்டுவந்து தட்டினார்! பிறகு ஆட்டக்காரர்கள் மாட்டுக்குக் கட்டும் பித்தளை மணி ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்கள். அந்த மணியோசை எபெட்ஸ் பீல்டின் அடையாளமாகிவிட்டது. கோஷ்டியின் மானேஜர் லியோ டுரோஷர், மறுபடியும் நோயில் படுத்த அவரை ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தார். நல்ல இடத்தில் உட்கார இலவசச் சீட்டும் கிடைத்தது. அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. தம்முடைய பழைய வெயில் வரிசைக்கே திரும்பிவிட்டார்.

பீட் ரைஸர் என்ற ஆட்டக்காரர் பிற்காலத்தில் சொன்ன கதை ஒன்று உண்டு. எல்லையில் நின்ற அவரிடம் ஹில்டா அம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தை எறிந்து, ‘லியோவிடம் கொடு’ என்றாராம். பந்து எறிகிறவர் களைத்துவிட்டார், கேஸியைத் தயார் செய்யவும் என்று அதில் எழுதியிருந்தது. ரைஸர் போகிற வழியில் கோஷ்டித் தலைவர் மக்பெயிலிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் காகிதத்தை டுரோஷரிடம் கொடுத்தார். முதலாளியின் உத்தரவாக்கும் என்று எண்ணிய டுரோஷர், நன்றாக எறிந்துகொண்டிருந்தவரை நிறுத்திவிட்டுக் கேஸியை அழைத்தார். கேஸியின் பந்துகளை எதிரிகள் விளாசித் தள்ள, ஆட்டம் மயிரிழையில் தப்பியது. கடலை கட்டும் அம்மாளின் யோசனைப்படி ஒரு தொழில்முறைக் கோஷ்டி ஆடியது உலகத்தில் அந்த ஒரு நாளாகத்தான் இருக்க வேண்டும்!

1941-இல் டாட்ஜர்ஸ் வேர்ல்டு சீரீஸுக்கு வந்துவிட்டது. எதிரி, அதே நியூயார்க்கின் பணக்காரக் கோஷ்டியான யாங்கீஸ். நாலாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் புரூக்ளின் 4–3 என்று முன்னால் இருந்தது. எதிரிகளில் இருவர் அவுட். மூன்றாவது ஆளும் மூன்றாவது தடவை தடியைச் சுழற்றித் தவறவிட்டார். ஆட்டம் முடிந்தது என்று ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். ஆனால் தடிக்காரர் தவறவிட்ட அந்தப் பந்தைப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பிடித்தாக வேண்டும் என்று ஒரு விதி. மிக்கி ஓவன் அதைப் பிடிக்கவில்லை. பந்து உருண்டோடியது, தடிக்காரர் முதல் மூலைக்கு ஓடிவிட்டார். பிறகு யாங்கீஸ் நாலு ரன் எடுத்து ஜெயித்தது. மறுநாள் பட்டத்தையும் கொண்டுபோயிற்று. அப்போது புரூக்ளின்காரர்கள் சொன்னதுதான் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்ற வாக்கியம். அது அந்த ஊரின் பழமொழியாகவே ஆகிவிட்டது.

அடுத்த வருஷங்கள் வந்தன. 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி ஜாக்கி ராபின்ஸன் டாட்ஜர்ஸ் உடை அணிந்து எபெட்ஸ் பீல்டில் இறங்கினார். பெரிய லீகுகளில் கறுப்பு மனிதர்களுக்கு அறுபது வருஷங்களாக அடைத்திருந்த கதவு அன்று திறந்தது. வெளியூர்களில் அவர் கேட்ட வசவுகள் காதால் கேட்கத் தகாதவை. புரூக்ளின் அவரைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. 1947, 1949, 1952, 1953 நாலு தடவையும் யாங்கீஸிடமே தோல்வி. 1951-இல் வேர்ல்டு சீரீஸுக்கே போக முடியவில்லை. ஆகஸ்டில் பதின்மூன்றரை ஆட்டம் முன்னால் இருந்த கோஷ்டியை ஜயண்ட்ஸ் எட்டிப் பிடித்தது. தீர்மான ஆட்டத்தின் கடைசிச் சுற்றில், ரால்ப் பிராங்கா எறிந்த பந்தைப் பாபி தாம்ஸன் இடப்பக்கக் காலரிக்குள் அடித்தார். அத்துடன் எல்லாம் முடிந்தது. எதிரியின் ஜாடைகளைத் தொலைநோக்கி வைத்து ஒற்றுப் பார்க்கும் ஏற்பாடு ஜயண்ட்ஸிடம் அந்தப் பருவத்தில் இருந்தது என்ற செய்தி 2001-இல் பத்திரிகையில் விவரமாக வந்தது. ஐம்பது வருஷம் கழித்து வந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1952 வேர்ல்டு சீரீஸில் கில் ஹாட்ஜஸ் என்ற நல்ல ஆட்டக்காரர் 21 முறை முயன்றும் ஒரு அடிகூடப் பலிக்கவில்லை. மற்ற ஊராக இருந்தால் கல்லெறிந்திருப்பார்கள். புரூக்ளின் ஜனங்கள் அவருக்கு ஆறுதல் கடிதங்களும் ஜபமாலைகளும் அனுப்பினார்கள். அடுத்த வருஷமும் அவருக்கு அடி படாதபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாதிரியார், வெயில் கடுமையாக இருப்பதால் பிரசங்கம் இல்லை, வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், ஹாட்ஜஸுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

பிரார்த்தனை வீணாகவில்லை. 1955 அக்டோபர் 4-ஆம் தேதி, யாங்கீஸின் சொந்த மைதானத்தில், ஏழாவது ஆட்டம். பந்து எறிந்தவர் ஜானி பாட்ரஸ் என்ற 23 வயது இளைஞர். ஆறாவது சுற்றில் யாங்கீஸ் நெருங்கி வந்தபோது, சாண்டி அமோரோஸ் எல்லைக் கோடு வரை பறந்து ஓடிக் கையை நீட்டி ஒரு பந்தைப் பிடித்தார். புரூக்ளின் 2–0 என்று ஜெயித்தது. அந்த இரண்டு ரன்களையும் வரவழைத்தது ஹாட்ஜஸின் தடி. கடைசி அவுட்டுக்கான பந்து வந்து விழுந்ததும் ஹாட்ஜஸின் கையில்தான். ஏழு தடவை வேர்ல்டு சீரீஸில் தோற்ற ஊர் எட்டாவது தடவை ஜெயித்தது. வாக்களித்த அடுத்த வருஷம் வந்தேவிட்டது.

கதாசிரியனாக இருந்தால் இங்கேதான் கதையை முடிப்பேன். சரித்திரத்துக்கு அந்தச் சுதந்தரம் கிடையாது.

கோஷ்டியின் முதலாளி வால்ட்டர் ஒமாலி. அவர் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். எபெட்ஸ் பீல்டு 1913-இல் கட்டியது. சுமார் 32,000 பேருக்குத்தான் இடம். கார்கள் நிறுத்த வசதி இல்லை. 1947-இல் 18 லட்சம் பேர் வந்தார்கள். பத்து வருஷத்தில் அது பத்து லட்சத்துச் சொச்சமாகக் குறைந்தது. 1953-இல் பாஸ்டனை விட்டு மில்வாக்கிக்குப் போன கோஷ்டிக்கோ வருஷத்துக்கு 20 லட்சம் பேர். ஒமாலி புரூக்ளினிலேயே புது மைதானத்துக்கு இடம் கேட்டார். நகர நிர்மாணத்தில் சர்வாதிகாரம் செலுத்திய ராபர்ட் மோஸஸ், க்வீன்ஸ் பகுதிக்குப் போகச் சொன்னார். இரண்டு பெரிய மனிதர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. 1957 அக்டோபர் 8-ஆம் தேதி, கோஷ்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். எபெட்ஸ் பீல்டில் நடந்த கடைசி ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 6,702 பேர்.

இந்தப் பேச்சுவார்த்தைகளில் யாருடைய கையெழுத்தெல்லாமோ தேவைப்பட்டது. ஹில்டா அம்மாளின் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. எத்தனை வருஷம் வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் ரசிகனுக்குக் கோஷ்டியில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது. கோஷ்டி தோற்ற காலமெல்லாம் அவர்கள் அதைக் கைவிடவில்லை. ஜெயித்த இரண்டே வருஷத்தில் அது அவர்களைக் கைவிட்டது. புது ஊரில் 1958-இல் முதல் ஆட்டத்துக்கு 78,672 பேர் வந்தார்கள். 1959-இல் பட்டமும் கிடைத்தது. கணக்குப்படி ஒமாலி செய்தது சரி. அந்தக் கணக்கில் ‘நம்ம’ என்ற சொல்லுக்கு ஒரு பத்தி போட யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1960 பிப்ரவரி 23-ஆம் தேதி எபெட்ஸ் பீல்டை இடிக்க ஆரம்பித்தார்கள். இடிக்கிற இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் பந்தைப் போல வர்ணம் பூசியிருந்தார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. ஹில்டா அம்மாள் 1978-இல் காலமானார்.

2001-இல் பேஸ்பால் சரித்திரத்தில் ஈடுபாடுள்ள ஒரு சங்கம், சிறந்த ரசிகர்களுக்கென்று ஒரு பரிசை ஏற்படுத்தியது. அதற்கு ஹில்டாவின் பெயரையே வைத்தார்கள். பரிசாகக் கொடுத்தது தங்கக் கோப்பை அல்ல. கண்ணாடி போன்ற பெட்டிக்குள் வைத்த, அடிபட்டு நசுங்கிய ஒரு பழைய மாட்டு மணி. அந்தச் சங்கம் இருந்தது கலிபோர்னியாவில்; டாட்ஜர்ஸ் கோஷ்டி குடிபோன அதே ராஜ்யத்தில்.