தானே கூடும் மீள்மங்கள்

அறுபட்ட முகங்கள் ஒன்றையொன்று தொட்டால் மீண்டும் ஒட்டிக்கொள்வனவும், ஆயுள் முடிந்தபின் கரைத்துப் புதிதாக வார்க்கத்தக்கனவுமான ரப்பர் போன்ற பாலிமர்கள். மேனிமீது அணிந்து ஸ்பரிசத்தை அறியும் மெல்லிய உணரிகளுக்குப் பயன்படுபவை.

இவற்றின் சக்தி எங்கே உறைகிறது என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே சான்று உண்டு. பத்தமடையில் பாய் நெய்வோர் கோரையைக் கிழித்து, ஆற்றுநீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, உலர்த்திய பின்பே பருத்திப் பாவில் ஊடையாகக் கோக்கின்றனர்; நீர் புகுந்ததும் கோரையின் செல்லுலோஸ் சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளிற் பல நெகிழ்ந்து, காய்ந்ததும் மறுபடி பற்றிக்கொள்வதனாலேயே நார் வளைந்து கொடுத்துப் பின்பு விறைக்கின்றது. விட்டுப் பிடிக்கும் இந்த எளிய பிணைப்பே செயற்கை மீள்மங்கள் பலவற்றுக்கும் மூலதனம்.

ரப்பரின் சரித்திரமோ நேர் எதிரான வழியிற் சென்றது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகத்தோடு சுட்ட ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் நிற்கக் கண்டார். உலகத்துக்கு அது பேருபகாரமே. எனினும் கந்தகம் இட்ட முடிச்சுகள் எளிதில் அவிழாதவை. ஆதலால் கன்னியாகுமரித் தோட்டங்களில் வடிக்கும் பாலும் டயராக மாறியபின் உருக்கி வார்க்க இயலாததாகிறது.

2008-இல் பாரிஸ் நகரத்து லுட்விக் லைப்லர் குழுவினர், தாவர எண்ணெயின் கொழுப்பமிலங்களையும் யூரியாவையும் கொண்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளையே நம்பி நிற்கும் ரப்பரை ஆக்கினர். அறுத்த முனைகளைச் சேர்த்து அழுத்தினால் அறை வெப்பத்திலேயே அது கூடிற்று. 2012-இல் ஸ்டான்போர்டின் ஜெனன் பாவோ குழுவினர் இத்தகைய பாலிமரில் நிக்கல் துகள்களைக் கலந்து செயற்கைத் தோல் ஆக்கினர். விரல் அழுத்தும்போது துகள்கள் நெருங்கி மின்தடை குறைவதால், தொட்டதை அத்தோல் அறிந்தது. அறுத்துச் சேர்த்தபோதோ 15 விநாடிகளில் மின்கடத்துதிறனில் ஏறத்தாழ 90 சதவீதமும், சுமார் 10 நிமிடங்களில் பழைய உறுதியும் மீண்டன.

2018-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தார் செய்த தோலை எத்தனால் கலந்த கரைசலில் இட்டால், அதன் பாலிமர் கரைந்துபோக, அதிற் கலந்துள்ள வெள்ளித் துகள்கள் அடியில் தங்கும். இரண்டையும் கொண்டு புதிய தோல் செய்யலாம். மின்னணுக் குப்பை மலிந்த இக்காலத்தில், காயம் ஆறுவதினும் மேலான பேறு இதுவே எனத் துணிந்து கூறலாம்.

தமிழும் ஆட்சிமொழியாய் விளங்கும் சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்தில், முன்பு பாவோவின் மாணவராயிருந்த பெஞ்சமின் டீ, 2019-இல் நீருக்குள்ளும் கூடும் ஒளிபுகு தோலை வெளியிட்டார். ஈரத்தில் நலியும் ஹைட்ரஜன் பிணைப்பைச் சாராமல், ஃபுளோரின் செறிந்த பாலிமரோடு அயனித் திரவத்தைச் சேர்த்ததே அவர் கண்ட உபாயம். பாரதத்தில், 2021-இல் கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் மல்லா ரெட்டியும் சகாக்களும் அறிவித்தது பாலிமர் அன்று, படிகம். பிளந்த முகங்களில் எழும் எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈர்க்க, அது மில்லிவிநாடிகளில் தானே பொருந்துகின்றது.