வெள்ளை எலியின் இதயம்

காவிரிப் பாசன நாட்டில் எலிக்கு நல்ல பெயர் கிடையாது. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் வரப்போரங்களில் மூங்கிற் கிட்டிகளை வரிசையாக நட்டு வைப்பர். வில்லும் நாணுமாக அமைந்த அப்பொறிக்குத் 'தஞ்சாவூர்க் கிட்டி' என்றே பெயர். விடிந்ததும் கிட்டிக்காரர் வந்து, விழுந்த எலிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கூலி பெற்றுப் போவார். பயிரை வெட்டிப் பாழாக்கும் இப்பிராணியின் இதயத்திலிருந்து மனிதன் கற்க வேண்டியது ஏதேனும் உண்டா என்று ஒரு மிராசுதாரிடம் வினவினால் அவர் நகைக்கவே செய்வார்.

ஆயினும் கொள்ளிடத்திற்கு வடக்கே, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், இவ்வயலெலிகளுக்குத் தூரத்து உறவான வெள்ளை எலிகளின் இதயங்களை எடுத்து நிறுத்தும், சாயமேற்றியும், நுண்ணோக்கியின்கீழ் வைத்தும் பல்லாண்டுகள் ஆராய்ந்திருக்கின்றனர். மாரடைப்பிற்குப் பின் இதயத்திற்கு என்ன நேர்கிறது என்பதே அவர்களது கேள்வி. அக்கேள்வி எவ்வாறு பிறந்தது என்பதை அறிய நாம் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

இதயம் உடல் முழுவதற்கும் குருதியை அனுப்புகிறது; ஆனால் இதயத்திற்கு உணவளிப்பது யாது? இதயத்தின் வலப்பக்கத்துக் குருதியே அதற்கு உணவு என்பது இப்னு சீனா வழி வந்த கருத்து. திமஷ்க்கில் கல்வி கற்று, மிஸ்ரு நாட்டின் காஹிராவில் புகழ்பெற்ற ஹகீமாகத் திகழ்ந்த இப்னு நபீஸ் இதனை மறுத்தார். இப்னு சீனாவின் 'அல்கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 640) அவர் எழுதிய விரிவுரையில், இதயச் சதைக்குள்ளேயே ஊடுருவிச் செல்லும் நாளங்களின் குருதிதான் இதயத்தைப் போஷிக்கிறது என்று தெளிவாகக் கூறினார். வலப்பக்கக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் அடைகிறது என்ற அவரது பெருங்கண்டுபிடிப்பைப் பலரும் அறிவர். அதன் அருகிலேயே கிடக்கும் இந்தச் சிறு வாக்கியத்தை ஏனோ நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாரடைப்பு என்பது அந்த நாளங்களில் ஏற்படும் அடைப்பேயன்றி வேறில்லை.

1288இல் இப்னு நபீஸ் மறைந்தார். தம் இல்லத்தையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். அவரது இக்கருத்துகளை உலகம் மறந்தது. முஹ்யித்தீன் தத்தாவி என்னும் எகிப்திய மாணவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் அவற்றைக் கண்டு, 1924இல் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டை அளித்த பின்னரே அவை மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. அவ்விரிவுரையின் முகப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. உடலை அறுத்துப் பார்ப்பதினின்றும் ஷரீஅத்தும் தம் உள்ளத்து இரக்கமும் தம்மைத் தடுத்தன என்கிறார் இப்னு நபீஸ். அறுத்துப் பார்க்கத் தயங்கியவர் கண்ட உண்மையை, அறுத்துப் பார்த்தவர்கள் பின்னர் உறுதி செய்தார்கள்! இந்த இரக்கத்தைப் பற்றிப் பின்னும் சொல்ல வேண்டியுள்ளது.

நெடுங்காலம் மாரடைப்பு என்றால் மரணம் என்றே மருத்துவரும் எண்ணியிருந்தனர். இதயத் தமனி அடைபட்ட பின்னும் மனிதன் பிழைத்திருக்கக்கூடும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் எடுத்துரைத்தார். பிழைத்தவனின் இதயம் பிறகு எப்படி இயங்குகிறது என்ற கேள்வி அதற்குப் பின்னர்தான் பொருளுடையதாயிற்று. மனிதனிடம் இதற்கு விடை காண்பது எளிதன்று. மாரடைப்பு எந்நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பின் அவன் இதயத்தைத் திறந்து பார்க்கவும் இயலாது. எனவே எலி வந்தது. 1954இல் ஜான்ஸ், ஓல்சன் ஆகிய இருவர் எலி, சுண்டெலி போன்ற சிறு பிராணிகளின் இதயத் தமனியை நூலால் கட்டி அடைக்கும் முறையை வெளியிட்டனர்.

இவ்வழியில் சென்ற ஆய்வுகளுள் மிகுந்த பயன் தந்தது பாஸ்டனில் மார்க் பெபர், ஜேனிஸ் பெபர், யூஜின் பிரான்வால்ட் ஆகியோர் செய்த பணி. இடக் கீழறைச் சதையில் 46 விழுக்காட்டிற்கு மேல் மடிந்த எலிகளுக்கு இதயச் செயலிழப்பு நேர்ந்தது என்றும், சிறு பகுதி மட்டும் மடிந்தவை ஓய்வு நிலையில் ஏறக்குறைய நலமுடனே இருந்தன என்றும் 1979இல் அவர்கள் காட்டினர். அதைவிட முக்கியமானது அடுத்துக் கண்டதாகும். கேடு அன்றோடு முடிவதில்லை. மடிந்த சதை தழும்பாகி மெலிகிறது. எஞ்சிய நல்ல சதை இரு பங்கு வேலையைத் தாங்கித் தடிக்கிறது. அறையோ நாளுக்கு நாள் விரிகிறது. உடைப்பெடுத்த கரையை அடைத்த பின்னும் ஆற்றின் போக்கு மாறிப் பக்கத்துக் கரைகளை அரிப்பதைக் கொள்ளிடக்கரைவாசிகள் அறிவர், இதுவும் அத்தகையதே. விரிந்த அறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் குருதியில் குறைந்த பங்கையே வெளியே தள்ளுகிறது.

இவ்விரிவைத் தடுக்கலாகுமா? பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து உருவான கேப்டோப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்தை எலிகளுக்கு அவர்கள் கொடுத்துப் பார்த்தனர். மருந்துண்ட எலிகள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தன என்று 1985இல் எழுதினர். பின்னர் 2,231 நோயாளிகளிடம் அதே மருந்து சோதிக்கப்பட்டது. இறப்பு 25 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது என்று 1992இல் முடிவு வெளியாயிற்று. இன்று மாரடைப்புக்குப் பின் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இவ்வின மருந்து ஒன்று பெரும்பாலும் இடம்பெறுவதன் பின்னே அந்த எலிகள் நிற்கின்றன.

1995க்குப் பின் சுண்டெலி முன்னிடம் பெற்றது. அதன் மரபணுக்களை வேண்டியவாறு மாற்றலாம் என்பதே காரணம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 600 முறை துடிக்கும் அச்சிறு இதயத்தின் அசைவையும் ஒலியலைக் கருவி படம் பிடிக்கிறது. பிறந்த மறுநாள் இதயத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் சுண்டெலிக்குஞ்சு அதனை மீண்டும் வளர்த்துக்கொள்கிறது. ஏழு நாள் கழிந்தால் அவ்வாற்றல் போய்விடுகிறது. 2011இல் வெளியான இச்செய்தி வியப்பூட்டுவது. ஆனால் அந்த ஆற்றலை முதிர்ந்த மனித இதயத்திற்கு மீட்டுத் தரும் மருந்து எதுவும் இன்னும் கைக்கு வரவில்லை.

இனி நம் பகுதிக்கு வருவோம். நோயை ஏட்டில் குறித்து ஆராய்வது தஞ்சைக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் தன்வந்திரி மகாலில் யூனானி, சித்தம், ஆயுர்வேதம், ஆங்கில மருத்துவம் ஆகியவை ஒருங்கே இடம்பெற்றன. கண்நோயாளிகளின் குறிப்புகள் ஓவியங்களுடன் பதிவாயின. சரசுவதி மகாலைப் பார்க்கச் செல்வோர் அவற்றையும் கேட்டுப் பார்த்தல் நலம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. அதன் உயிர்வேதியியல் துறையில் ஸ்டான்லி மெயின்சன் பிரின்சும் அவர்தம் மாணவரும் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் செய்த ஆய்வுகள் நூலால் கட்டும் முறையைச் சார்ந்தவை அல்ல. ஐசோபுரோட்டரினால் என்னும் மருந்தைப் பெருமளவில் ஊசி வழியே செலுத்தினால் எலியின் இதயம் அளவிறந்து உழைத்து, உயிர்வளி போதாமல் சதை மடியும். 1959இல் கனடாவில் ரோனாவும் உடனிருந்தோரும் கண்ட முறை இது. எளியது, விலையுயர்ந்த கருவி வேண்டாதது. ஆகவே நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் பலவும் இதனையே கைக்கொண்டன. மடிந்த சதையிலிருந்து குருதியில் கசியும் நொதிகளின் அளவும், மின் வரைபடத்தின் மாற்றமும் கேட்டின் அளவைச் சொல்லும். அங்கு சோதிக்கப்பட்டவற்றுள் வில்வ இலைச் சாறும், பூண்டிலுள்ள ஒரு பொருளும், நாரத்தை இனத்துப் பழங்களிலுள்ள நரிஞ்சினும் அடங்கும். இவற்றை முன்னதாக உட்கொண்ட எலிகளின் இதயத்தில் கேடு குறைந்திருந்தது.

இந்த 'முன்னதாக' என்ற சொல்லைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். எலிக்குப் பல நாட்கள் சாறு கொடுத்த பிறகே ஊசி போடப்படுகிறது; கேடு நேர்ந்த பின் கொடுத்துக் காத்ததாக அதற்குப் பொருளில்லை. மேலும் அந்த எலியின் தமனியில் இரத்தக்கட்டி ஏதும் இல்லை. மனிதனுக்கோ அக்கட்டிதான் எமன். ஆய்வாளர்கள் தம் அளவில் சரியாகவே எழுதினர். அதனைக் கேட்டு, வில்வம் மாரடைப்பைப் போக்கும் என்று துண்டறிக்கை அச்சிடுவோர் செய்வதே பிழை.

இரக்கத்தைப் பற்றிச் சொன்னேன். எத்தனை எலி, என்ன வலி, வேறு வழி இல்லையா என்று கேட்டு அனுமதி தரும் குழு ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் இருக்க வேண்டும் என 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1998இல் விதிகள் வந்தன. தேவையற்று ஒரே ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்வதை நான் ஏற்கவில்லை. கேப்டோப்ரில் தந்த எலிகளைப் பற்றி அவ்வாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமனி அடைபட்டால் சதை ஒரே நொடியில் மடிவதில்லை. உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிச் சில மணி நேரத்தில் பரவுகிறது. நாய்களின் இதயத்தில் ரைமரும் ஜென்னிங்சும் 1977இல் இதனை விளக்கினர். அடைப்பை விரைவில் நீக்கினால் சதையில் பெரும்பங்கைக் காக்கலாம் என்பதன் அடிப்படை இதுவே.

என் பெரியத்தாவுக்குச் சம்பா அறுவடைக் களத்தில் காலை ஒன்பது மணிக்கு நெஞ்சு கனத்தது. வாய்வு என்றார்கள். சுக்குக் கஷாயம் வந்தது. அப்புறம் பூண்டுப் பால். நெல்லை அளந்து மூட்டை கட்டிய பிறகே போகலாம் என்று அவரும் பிடிவாதமாக இருந்தார். தஞ்சை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது மாலை ஐந்து. பிழைத்துக்கொண்டார். ஆனால் திண்ணையிலிருந்து கொல்லைக்கு நடந்தால் மூச்சு வாங்கும். இரவில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடியே உறங்கினார். ஒருமுறை, தம் இதயம் ஏன் பெரிதாகிக்கொண்டே போகிறது என்று என்னிடம் கேட்டார். பாஸ்டன் எலிகளைப் பற்றி நான் படித்தது அதன் பின்னர்தான்.