இலவசம் வாசல் ஏறிய கதை

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க மொகலாயப் படைக்கு எட்டு வருஷம் ஆனது. 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய மதில் அப்படி! ஆனால் அந்த மலைகளுக்குக் கீழே இருக்கும் வீடுகளின் கதவு திறக்க எட்டு நிமிஷம்கூட வேண்டாம். "அம்மா, கம்பெனியில இருந்து வர்றோம். பாத்திரம் தேய்க்கிற பவுடர். காசு வேணாம்மா, இலவசம்." இது போதும்.

இது செஞ்சிக்கு மட்டும் உரிய கதையல்ல, தமிழ்நாடு முழுக்க நடப்பதுதான். ஆனால் செஞ்சி மாதிரி நெல்லும் மணிலாவும் விளைகிற ஊர்களில் இதற்கு வசதி அதிகம். அறுவடை முடிந்து மூட்டைகள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால் வீட்டில் கொஞ்சம் பணம் புழங்கும். பகலில் பாதிப் பேர் கழனியில். வீட்டில் இருப்பது வயதானவர்களோ, தனியாக இருக்கும் பெண்களோதான்.

வாசலுக்கு வரும் வியாபாரி நமக்குப் புதியவர் அல்ல. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம், தவணைக்குப் புடவை... இதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது. அதில் பேரம் உண்டு, கொஞ்சம் ஏமாற்றும் உண்டு (நாலு பட்டுப்புடவைக்கு ஒரு சின்ன தூக்குச்சட்டி!). ஆனால் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியும். தவணைக்காரர் அடுத்த வாரமும் அதே தெருவுக்கு வந்தாக வேண்டும், மீதிப் பணம் வசூலிக்க. அந்த ஒரு காரணமே அவரை ஓரளவு நேர்மையாக வைத்திருந்தது. திரும்பி வரத் தேவையில்லாத ஆள் வந்தபோதுதான் சிக்கல்.

இனாமைக் காட்டி விற்கும் வித்தை எங்கே பிறந்தது? அமெரிக்காவில் 1891இல் சிகாகோவுக்கு வந்த வில்லியம் ரிக்ளி சோப்பு விற்றார். சோப்போடு பேக்கிங் பவுடர் இனாம். ஜனங்களுக்குப் பவுடர்தான் பிடித்தது, எனவே பவுடரை விற்று சூயிங்கம் இனாமாகக் கொடுத்தார். அப்புறம் சூயிங்கமே தொழிலாகிவிட்டது! 1906இல் பிரஷ் கம்பெனி தொடங்கிய ஆல்ஃபிரட் ஃபுல்லரின் ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். கையில் ஒரு சின்ன பிரஷ், அது வீட்டுக்காரம்மாவுக்கு இலவசம். இனாமாக ஒன்றை வாங்கிக்கொண்ட பிறகு "வேண்டாம், போங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்ல யாருக்கும் மனசு வராது. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

இந்த முறையில் குற்றம் எதுவும் இல்லை. இந்தியாவில் 1982இல் யுரேகா ஃபோர்ப்ஸ் வீட்டுக்கே வந்து வாக்குவம் கிளீனரை இயக்கிக் காட்டி விற்றது. அது நேரடி விற்பனை, அவ்வளவுதான். சொன்ன இனாமை நிஜமாகவே கொடுத்து நொந்துபோன கம்பெனியும் உண்டு. 1992இல் பிரிட்டனில் ஹூவர் கம்பெனி, 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் விமான டிக்கெட் இலவசம் என்று அறிவித்து, கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் கோடிக்கணக்கில் இழந்தது.

சரி, பவுடர் பாக்கெட்டுக்கு வருவோம். வழக்கமாக இரண்டு பேர் வருவார்கள். முதலில் பித்தளைக் குத்துவிளக்கு. தேய்த்தால் பளபளக்கும், அது நிஜம்தான். அடுத்து வெள்ளிக் கொலுசு, அதுவும் வெளுக்கும். மூன்றாவதாகக் கழுத்துச் சங்கிலி. அதற்குள் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வந்திருக்கும். சங்கிலியை மஞ்சள் தண்ணீர் உள்ள கிண்ணத்தில் போட்டு, ஏதோ ஒரு திரவத்தை ஊற்றி, மூடி வைத்துவிட்டு, "பத்து நிமிஷம் திறக்காதீங்க" என்பார்கள். அந்தத் திரவம் பெரும்பாலும் இராஜ திராவகம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. தங்கத்தைக் கரைக்கும். கரைந்த தங்கமும் மஞ்சள் நிறம்தான் என்பதால் மஞ்சள் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. கரைசலை எடுத்துப் போய் தங்கத்தைப் பிரித்துவிடலாம். நாலு பவுன் என்பது 32 கிராம். அதில் அரைப் பவுன் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. அடகுக் கடைத் தராசில் வைக்கும்போதுதான் தெரியும். தாலிச் சங்கிலி என்றால் அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற பயத்திலேயே பலர் போலீசுக்குப் போவதில்லை. போலீஸ் எத்தனை முறை எச்சரித்தாலும் இந்தக் கும்பல்கள் பிழைப்பது அந்த மௌனத்தால்தான்.

இன்னொரு வகை பரிசுச் சீட்டு. மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். குலுக்கலில் பெயர் வந்தால் சைக்கிளோ பீரோவோ கிடைக்கும், மேற்கொண்டு கட்ட வேண்டாம். வராதவர்கள் கடைசி வரை கட்டுவார்கள். அதாவது ஒருவருக்குக் கிடைத்த 'இலவச' பீரோவுக்குப் பணம் கட்டியது மற்றவர்கள்! வட்டியில்லாமல் பணத்தைச் சுழற்றி லாபம் பார்த்தது நடத்துபவர். 1974இல் ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு இதையெல்லாம் ஆராய்ந்து, தடை செய்யுங்கள் என்றது. 1978இல் பரிசுச் சீட்டுத் தடைச் சட்டம் வந்தது. அதை எதிர்த்த வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பில், தடை செல்லும் என்றது. (பதிவு பெற்ற ஏலச்சீட்டு வேறு. அதற்கு 1982ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.) ஆனாலும் ஆசை போகவில்லை. பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், செய்யாறில், மளிகையும் பாத்திரமும் தங்கக் காசும் தருவதாகச் சொன்ன தீபாவளிச் சீட்டுகளில் பணம் கட்டியவர்கள் 2022, 2023 வாக்கில் புகாரோடு வரிசையில் நின்றார்கள்.

சட்டம் 'இலவசம்' என்ற வார்த்தையையே பிடித்தது 1984இல். அந்த ஆண்டு எம்.ஆர்.டி.பி. சட்டத்தில் 36ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பரிசு தருவதாகச் சொல்லித் தராமல் விடுவது மட்டும் குற்றமல்ல. மொத்த விலைக்குள்ளேயே பரிசின் விலையை முழுதாகவோ பாதியாகவோ சேர்த்துவிட்டு, இலவசம் என்ற எண்ணத்தை உண்டாக்குவதும் முறையற்ற வணிகம்தான் என்றது அந்தப் பிரிவு. இந்தக் கருத்து பிறகு நுகர்வோர் சட்டத்துக்கு வந்து, இன்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(47) பிரிவில் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசலில் வந்தவர் வாட்டர் ஃபில்டர் 7,000 ரூபாய், மிக்ஸி இலவசம் என்கிறார். அதே தரமுள்ள ஃபில்டர் கடைத்தெருவில் 4,000, மிக்ஸி 2,000 என்று வைத்துக்கொண்டால், மிக்ஸிக்கும் காசு வாங்கி, மேலே 1,000 ரூபாயும் வாங்கிவிட்டார். இதில் இலவசம் எங்கே? மாறாக, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பரிசுச் சீட்டு வைத்த வழக்கில், 1998இல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பரிசு என்ற வார்த்தை இருந்தாலே மோசடி ஆகிவிடாது.

தமிழ்நாட்டில் இந்த வார்த்தைக்கு இவ்வளவு மரியாதை இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே இலவசம் பல முறை நிஜமாகவே வந்திருக்கிறது. 2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. அதனால் "அரசுத் திட்டம்மா" என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் அவை குடும்ப அட்டையை வைத்துக் கொடுத்தவை, வாசலில் வந்து யாரும் முன்பணம் கேட்கவில்லை. பரிசு விழுந்திருக்கிறது, வரியை மட்டும் கட்டுங்கள் என்று கேட்கும்போதே அது பரிசு இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னால் "இன்னிக்கு மட்டும்தான்" என்பவரும் அப்படித்தான்.

2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரக்கூடாது. அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அட்டையும் போலியாக இருக்கலாம் என்பதால் அதில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், கம்பெனியின் எண்ணைத் தனியாகத் தேடிக் கூப்பிட வேண்டும். நகையைக் கழற்றச் சொன்னால் மட்டும் எதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டால் போதும்.

விற்பனையில் ஏமாந்தவர்களுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் 1930, அதுவும் உடனே. நகை போனால் நேராகக் காவல் நிலையம். செஞ்சிக்காரர்கள் கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.