ஏழு வருடம் இருந்ததற்கு என்ன சாட்சி?

பி.காம். படிப்பவர்களுக்கு வருமான வரிப் பாடத்தில் ஆரம்பத்திலேயே வந்துவிடும் ஒரு விஷயம், வசிப்பு நிலை. ஒருவர் ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் போதும், வரிக்கணக்கில் அவர் இங்கே வசிப்பவர்தான். அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது அடுத்த விஷயம். சரி, அதே ஆள் குடியுரிமை கேட்டால்? 1955ஆம் வருடச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன் கடைசி 12 மாதம் முழுக்க இங்கே இருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 வருடத்தில் மொத்தம் 11 வருடம் இருந்திருக்க வேண்டும். வாங்குவதற்கு ஒரு கணக்கு, கொடுப்பதற்கு ஒரு கணக்கு!

'இத்தனை வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும்' என்ற இந்த நிபந்தனை, நம் தமிழர்களில் பல லட்சம் பேரின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கல்லிலும் செம்பிலும்

ஒரு ஊரில் இருந்தால் மட்டும் அந்த ஊரில் உரிமை வந்துவிடுமா என்பது பழைய கேள்வி. எங்கள் கூரத்தில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் கொடுத்த கொடையைச் சொல்கிறது. யாருக்கு எத்தனை பங்கு என்று செம்பில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் உத்திரமேரூர் கல்வெட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை. பானையில் பெயர் போட வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களும் அதே ஊரில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பெயர் பானைக்குள் போகாது.

பல நூற்றாண்டு கழித்து, இப்படி நிலமில்லாத ஜனங்கள்தான் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைக்குக் கிளம்பினார்கள்.

தோட்டத்துக் கணக்கு

1820களில் காப்பித் தோட்டம் ஆரம்பித்தது. 1869க்குப் பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்துபோக, தேயிலை வந்தது. ஆட்களைத் திரட்டிக் கொண்டுபோனவர்கள் கங்காணிகள். காடு வெட்டியது, ரோடு போட்டது, கொழுந்து பறித்தது எல்லாம் நம் ஆட்கள். குடியிருக்க லயம் என்ற வரிசை வீடு. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம்.

அங்கே செக்ரோல் என்று ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு நாளும் யார் வேலைக்கு வந்தார்கள் என்று அதில் ஏறும். ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு 'பேர்'. வேலை குறைந்தால் 'அரைப்பேர்' போட்டுப் பாதிச் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். அரை நாளைக் கூட விடாமல் எண்ணிய இடம் அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது; அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த தாத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே போய்த் தேடுவது?

"அப்படியானால் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று 1949இல் இந்திய பாகிஸ்தானியர் (பிரஜாவுரிமை) சட்டம் வந்தது. நம் விஷயம் இங்கேதான் இருக்கிறது. நிபந்தனைகளைப் பாருங்கள்:

- கல்யாணம் ஆனவர் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக 7 வருடம் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். ஆகாதவர் 10 வருடம்.
- அதற்குப் பிறகும் விண்ணப்பிக்கும் நாள் வரை தொடர்ந்து இருந்திருக்க வேண்டும்.
- ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது.
- மனைவியும் சின்னப் பிள்ளைகளும் கூடவே இலங்கையில் வசித்திருக்க வேண்டும்.
- பிழைப்புக்குப் போதுமான வருமானம் இருக்க வேண்டும்.
- இரண்டு வருடத்துக்குள், அதாவது 1951 ஆகஸ்ட் 5க்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கணக்குப் போட்டால், கல்யாணம் ஆனவர் 1939 ஜனவரி 1 முதல் அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஆகாதவர் 1936 ஜனவரி 1 முதல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்று தலைமுறையாக இருப்பவர்களுக்கு 7 வருடம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும்.

ஆனால் எங்கள் தணிக்கைப் பாடத்தில் ஒரு பாலபாடம் உண்டு: வவுச்சர் இல்லாத செலவை ஒத்துக்கொள்ளாதே. பணம் உண்மையிலேயே செலவாகியிருக்கலாம், ஆனால் தாள் இல்லை என்றால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். அந்தச் சட்டமும் அதைத்தான் செய்தது. தொழிலாளி அங்கே இருந்தாரா என்பதை விட்டுவிட்டு, இருந்ததற்குத் தாள் இருக்கிறதா என்று பார்த்தது. அரைப்பேர் வரை எண்ணிய செக்ரோல் தோட்டத்து ஆபீஸில் இருந்தது, தொழிலாளி கையில் இல்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறியவர் பாடு இன்னும் திண்டாட்டம். அம்மாவைப் பார்க்கவோ பிரசவத்துக்கோ ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோகும்.

சௌமியமூர்த்தி தொண்டமான் முன்னணியில் இருந்த இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்தது. பிறகு மனம் மாறி, கெடு முடியும் நேரத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு! ஆறு பேரில் ஒருவர்.

இதற்குள் 1949இலேயே இன்னொரு சட்டம், பிரஜை அல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்று சொல்லிவிட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கோடாகன் பிள்ளை வழக்கு என்பார்கள். 1953இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சட்டத்தில் எங்கேயும் 'தோட்டத் தமிழருக்குக் கிடையாது' என்று எழுதவில்லை. எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதியிருந்தது. அடிபட்டது மட்டும் அவர்கள்.

இரண்டு அரசுகள் போட்ட பாகப்பிரிவினை

1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் கேட்டுப் போட்ட கணக்கு இல்லை இது. இங்கே வந்தவர்கள் கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

இலங்கையில் மிச்சமிருந்தவர்களுக்கு 1986, 1988 சட்டங்களில் கொஞ்சம் வழி பிறந்தது. 2003இல் வந்த சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்கள் வம்சத்துக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. பாருங்கள், மறுபடி வசிப்பு நிபந்தனை! போருக்குப் பயந்து தமிழ்நாட்டுக்கு ஓடிவந்தவர்கள் இதிலும் விட்டுப்போனார்கள். அவர்களையும் சேர்க்க 2009இல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஐரோப்பாவிலும் இதே கதை

இதெல்லாம் நம் பக்கத்து நாடுகளில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் வருட விதிப்படி, ஒரு உறுப்பு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் 5 வருடம் சட்டப்படி தொடர்ந்து வசித்தால் நிரந்தர வசிப்பு உரிமை உண்டு. மாணவர் என்றால் முழுமையான மருத்துவக் காப்பீடும் வேண்டும். பிரிட்டனில் படித்த ஐரோப்பிய மாணவர்கள் பலர், அங்கே அரசு வைத்தியம் இலவசம்தானே என்று காப்பீடு எடுக்கவில்லை. 2016 பிரெக்ஸிட் ஓட்டுக்குப் பிறகு பதறிப்போய் விண்ணப்பித்தபோது, அந்தப் படிப்பு வருடங்கள் கணக்கில் வராது என்று பதில் வந்தது. அரசு மருத்துவ சேவையில் சேர்ந்திருந்தாலே போதும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது 2022 மார்ச்சில். அதற்குள் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டே வெளியேறிவிட்டது.

நம் வாசலில்

மண்டபம் முகாம் தெரியுமா? ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய் சோதனைக்காகத் தங்கவைத்த இடம் அது. பின்னால் அதே இடம் அகதி முகாம் ஆனது. தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் 50,000க்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். மலையக வம்சாவளியினரும் அதில் நிறைய. 2021இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பலர் வந்து 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. 11 வருடம் எப்போதோ தாண்டியாயிற்று. ஆனால் முறையான பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் எத்தனை வருடம் இருந்தாலும் 11 வருடக் கணக்கில் ஏறாது. 2019 திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தவருக்கு 11 வருடத்தை 5 ஆகக் குறைத்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை ஆவணம் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்ல விஷயம்தான், ஆனால் அதுவே குடியுரிமை ஆகாது.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் கோர்ட்டுக்குப் போனார். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பதுதான் சட்டம். 2022இல் அவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார். அவர் கையில் இருந்த வவுச்சர், பிறப்புச் சான்றிதழ்.

அவருக்குப் பிறகு அதே மாதிரி முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தையே படித்து, நம்மோடு ஒரே கல்லூரியில் பி.காம். முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. முகாமில் தலை எண்ணிக்கை எடுத்து, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அரசே பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது. அதாவது அவர்கள் இங்கே வசித்ததற்கான சாட்சி அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. அந்தப் பதிவேட்டை ஏன் வவுச்சராக எடுத்துக்கொள்ளக் கூடாது? நீங்களே சொல்லுங்கள்.