லோசான் ஈராண்டு நெசவுக்கலைக் கண்காட்சி

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1962 முதல் 1995 வரை நடந்த பன்னாட்டுக் கண்காட்சி. பிரெஞ்சு ஓவியர் ழான் லுர்சா முன்னின்று தொடங்கினார். தொடக்கத்தில் சுவரில் தொங்கும் சித்திர நெசவுகளே மிகுந்திருந்தன. போலந்தின் மக்தலேனா அபகனோவிச் சைசல் நாரில் நெய்த பேருருக்களோ சுவரை விட்டு விலகிக் கூரையிலிருந்து தொங்கின. பார்ப்பவர் அவற்றைச் சுற்றி நடக்கலாம். இழைக்கலையைச் சிற்பமாகக் காணவைத்த பெருமையில் பெரும்பங்கு இவருக்கே உரியது. 1969இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் 'வால் ஹேங்கிங்ஸ்' கண்காட்சியிலும் இவர் இடம்பெற்றார். அதே காலத்தில் அமெரிக்காவில் இழைக்கலைஞர் எட் ராஸ்பாக் செய்தித்தாளிலும் பிளாஸ்டிக்கிலும் கூடை முடைந்து, புழங்குபொருளைக் கலைப்பொருளாக்கினார். நாரும் சாயமும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். ஆகவே அருங்காட்சியகங்கள் இத்தகைய இழைக்கலைப் படைப்புகளுக்கு வழக்கமாக 50 லக்ஸ் ஒளியையே அனுமதிக்கின்றன.