பதனி குடிக்க பனங்காட்டுக்குப் போலாமா? நெல்லைச் சீமை டேஸ்ட்டிங் கைடு!

இங்கிலாந்து கிராமத்து பப்களில் 'காஸ்க் ஏல்' என்று ஒரு பீர் உண்டு. வடிகட்டி, சூடாக்கி, கேஸ் ஏற்றி பாட்டிலில் அடைக்கும் பீர் இல்லை இது. பீப்பாய்க்குள்ளேயே கடைசிவரை நொதித்துக்கொண்டிருக்கும். பீப்பாயைத் திறந்துவிட்டால் சில நாள்களுக்குள் குடித்து முடிக்க வேண்டும். அது அழிந்துவிடக் கூடாது என்று 1971-ல் 'கேம்ரா' என்ற அமைப்பையே தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய் அதை ருசி பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இன்றும் இருக்கிறது.

அந்தக் கணக்கில் பார்த்தால், நம்ம ஊரிலும் ஒரு 'உயிருள்ள' பானம் இருக்கு. அதுக்கு ஆயுசு சில நாள்கூட இல்லை, சில மணி நேரம்தான். பெயர் பதநீர். நெல்லைக்காரங்க வாயில் 'பதனி', குமரிப் பக்கம் போனால் 'அக்கானி'.

கள்ளா, பதனியா?

இரண்டுமே பனம்பாளையிலிருந்து வடியும் ஒரே சாறுதான். பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியை மெல்லிசாகச் சீவி, அடியில் கலயத்தைக் கட்டுவார்கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதிப்பு தடைபட்டு, சாறு இனிப்பாகவே இறங்கும். அது பதனி. சுண்ணாம்பு இல்லையென்றால் காற்றில் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும்.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆக, கலயத்தில் சுண்ணாம்பு இருக்கா, இல்லையா என்பதுதான் இங்கே சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு!

எப்போ, எங்கே?

பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும்தான் நல்ல சீசன். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, நெல்லையைத் தாண்டி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வழியாகப் புன்னக்காயலில் கடலில் சேர்கிறது. ஆற்றங்கரையில் நெல்லும் வாழையும் என்றால், கொஞ்சம் தள்ளிப் போனால் செம்மண் தேரியும் பனையும்தான். சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை சுற்றுவட்டாரம் முழுக்கப் பனங்காடு. திருச்செந்தூருக்கு பைக்கில் போறவங்க, சீசனில் சாலையோரம் ஓலைப் பட்டையோடு நிற்கும் பதனிக் கடைகளைப் பார்க்காமல் தாண்ட முடியாது.

காலை 9 மணிக்குள் போயிடுங்க. மரத்திலிருந்து இறங்கி ரொம்ப நேரம் ஆகாத பதனிக்குத்தான் அசல் ருசி. சுண்ணாம்பு இருந்தாலும் வெயில் ஏற ஏறப் புளிக்கத்தான் செய்யும். "அண்ணாச்சி, எப்போ இறக்குனது?" என்று தயங்காமல் கேளுங்க. நல்ல பதனி வைத்திருப்பவர் நேரத்தைச் சொல்லிவிடுவார்.

ருசி பார்ப்பது எப்படி?

கண்ணாடி டம்ளர் கேட்காதீங்க. பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் குடிக்கும்போது, பச்சை ஓலை வாசமும் சேர்ந்து வரும். பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கணும், இல்லையென்றால் சட்டையும் சேர்ந்து குடிக்கும்!

* முதல் வாய்: இனிப்பு முன்னால் வந்து, சட்டென்று அடங்கணும். குடித்து முடித்த பிறகும் நாக்கில் கசப்போடு இனிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தால், சாக்கரின் கலப்பாக இருக்கலாம்.
* நாக்கு அரித்தால்: சுண்ணாம்பு கூடிப்போச்சு. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, தெளிந்த மேல்பகுதியை மட்டும் ஊற்றச் சொல்லுங்க.
* நுரையும் புளிப்பு வாடையும் இருந்தால்: நொதிக்கத் தொடங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிடுங்க.
* அடுத்த பட்டை: நுங்கை வழித்துப் போட்டு வாங்குங்க. இதுதான் நெல்லை ஸ்பெஷல் காம்போ.

ஒரு எச்சரிக்கை: 'இயற்கை பானம்' என்றாலும் இதில் இருப்பது சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் தள்ளியே இருப்பது நல்லது.

அடுத்த ஸ்டாப்: விடிலி

பனங்காட்டுக்குள் பதனி காய்ச்சும் ஓலைக் குடிசைக்கு விடிலி என்று பெயர். காலையில் இறக்கிய பதனியை, காய்ந்த ஓலையும் மட்டையும் எரித்து, பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிண்டுவார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதனி வேண்டும். 'விலை ஏன் இவ்வளவு?' என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைச்சிடும். உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்க. அது அவங்க வேலை செய்யும் இடம், செல்ஃபி ஸ்பாட் இல்லை.

கள்ளையும் பார்க்கணும்னா?

தென்காசி, செங்கோட்டை தாண்டினால் ஆரியங்காவு. அங்கிருந்து கேரளா. லைசென்ஸ் பெற்ற 'ஷாப்பு'களில் கள் சட்டப்படி கிடைக்கும், பெரும்பாலும் தென்னங்கள். காலையில் இறக்கியது இனிக்கும், நேரம் ஆக ஆகப் புளிப்பும் போதையும் ஏறும். கப்பக்கிழங்கு, காரமான மீன் கறிக்காகவே போறவங்களும் உண்டு. அங்கே மது அருந்தச் சட்டப்படி 23 வயது ஆகியிருக்க வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும், பாட்டிலை எல்லை தாண்டி எடுத்துவருவதும் வேண்டவே வேண்டாம்.

ஏறுவதற்கு ஆள் எங்கே?

சங்க காலத்திலேயே பாட்டில் இடம்பிடித்தது கள். அதே மண்ணில்தான் வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று தனி அதிகாரம் எழுதினார். அந்த வாதம் இன்றும் முடியவில்லை. "டாஸ்மாக் திறந்திருக்கும்போது கள்ளுக்கு மட்டும் ஏன் தடை?" என்கிறார்கள் ஒரு தரப்பினர். "கலப்படக் கள் ஏழைகளைத்தான் கொல்லும்" என்கிறது மறுதரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

ஆனால், அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. பாளையைத் தினமும் சீவினால்தான் சாறு ஊறும். அதற்காகக் காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கணும். கால் வழுக்கினால் உயிருக்கே ஆபத்து, வருமானமோ சில மாதங்களுக்குத்தான். அதனால் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதைத் தப்பு சொல்ல முடியாது. பனை நம் மாநில மரம். வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. மரத்தைச் சட்டம் காப்பாற்றலாம், ஏறுகிறவரைக் காப்பாற்ற நாம் கொடுக்கும் காசுதான் வேணும்.

ஒரு பனை பாளை விட 12, 15 வருஷமாவது ஆகும். இன்றைக்கு நீங்கள் குடிக்கும் பதனி, யாரோ எப்போதோ விதைத்த கொட்டை. அதனால பட்டைக்குச் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுங்க. கிளம்பும்போது, ஒரு கிலோ கருப்பட்டியை விடிலியிலேயே நேரடியாக வாங்குங்க. வீட்டில் சுக்குக் காபிக்கு ஆச்சு, பனையேறும் குடும்பத்துக்கு நியாயமான விலையும் ஆச்சு!