துண்டுச் சீட்டும் தீவுப் பயணமும்

நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் முதியவர் சிலர், பைசாவைச் 'சதம்' என்று கூறக் கேட்டிருப்பீர்கள். அது இலங்கை வழக்கு. அத்தீவில் 1872 முதலே ரூபாய்க்கு நூறு சதம். நம் நாட்டிலோ 1957 மார்ச்சு வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. கடல் கடந்து தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர், கரையேறியதும் ஓர் அணாவுக்கு ஆறேகால் சதம் என்னும் புதுக் கணக்கைப் பயில வேண்டியிருந்தது. பள்ளி காணாத மக்களுக்கு அஃது எளிதன்று.

ஆயினும் அவர்களை வாட்டியது அக்கணக்கன்று, கங்காணியின் கணக்கே. ஆள் சேர்க்க ஊருக்கு வரும் கங்காணி, தோட்டத்தார் தந்த முன்பணத்திலிருந்து வழிச்செலவு செய்வார். வண்டிக் கூலி, கப்பற் கட்டணம், வழியில் உண்ட சோறு யாவும் தொழிலாளியின் பெயரில் பற்றாக ஏறும். பயணத்தில் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு இன்று உங்களுக்குச் சொல்கிறோம். அவர்களிடமோ பத்திரப்படுத்தப் பணமே இல்லை. தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளிகள்!

அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்துக்கு மாறுவதாயின் பழைய துரையிடம் துண்டு பெற வேண்டும். அதிற்கண்ட தொகையைப் புதிய துரை செலுத்தினால்தான் ஆட்கள் பெயரலாம். அத்தொகையும் பெரும்பாலும் கங்காணியின் கூட்டம் முழுவதற்கும் சேர்த்தே எழுதப்படும். எழுத்தறியாத ஒருவன் தன் பங்கு எவ்வளவென்று எங்ஙனம் சரிபார்ப்பான்? 1921-இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

திரும்பி வந்த பயணத்திலும் ஒரு பணக்கணக்கு உண்டு. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கையில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. சேமநிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகளை அவர்கள் கொண்டுவரலாம். அதற்கு விதிக்கும் உச்சவரம்பைக் குடும்பம் ஒன்றுக்கு ரூ. 4,000-க்குக் கீழே குறைக்கலாகாது என்பது அதன் விதி. அந்த வரம்பைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு எத்தனை குடும்பங்களிடம் பணம் இருந்திருக்கும்?

தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அதுவே பின்னர் 'டான்டீ' ஆயிற்று. நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில் அவர்தம் குழந்தைகள் என் வகுப்பில் இருந்தனர். ஒருநாள் கணக்குப் பாடத்தில் ஒரு சிறுவன் எழுந்து, "எழுபத்தைந்து சதம், ஐயா!" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் தலை குனிந்தான். நான் கரும்பலகையில் 75 என்று எழுதி, விடை சரி என்று குறியிட்டேன்.